பழைய வழக்கேட்டைத் தேடுவது எப்படி?

சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விடயத்தைச் சுற்றியவை. எப்போதோ முடிந்துபோன குடியியல் வழக்கொன்றின் ஏட்டை இன்று எங்கே தேடுவது, அதன் பிரதியை எப்படிப் பெறுவது என்று ஐவரும் கேட்டிருக்கிறார்கள். ஆதலால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் பாட்டனாரின் வளவு 1960களில் யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்துப் பங்கு பிரிக்கப்பட்டது என்று அம்மா சொல்லுவார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது வீட்டில் விட்டுச்சென்ற றங்குப் பெட்டியோடு உறுதிகளும் நீதிமன்றக் கடதாசிகளும் போய்விட்டன. இப்போது பெரியப்பாவின் பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து, காணி இன்னும் பிரிபடாத பொதுக்காணி என்கிறார்கள். வழக்கு இலக்கம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் அந்த வழக்கில் கட்சிக்காரியும் அல்ல. பிரதி எடுக்க எனக்கு உரிமை உண்டா? எங்கே தொடங்குவது?
— ஓர் ஆசிரியை, கோண்டாவில்

பதில்: அன்புள்ள சகோதரி, நீதிமன்றத்தில் தொடங்க வேண்டாம், காணிப் பதிவகத்தில் தொடங்குங்கள். நீதிமன்றப் பதிவறையில் முடிந்த வழக்குகளின் ஏடுகள் இலக்க ஒழுங்கில் கட்டி அடுக்கப்படுகின்றன. பாட்டனாரின் பெயரையும் "1960கள்" என்ற ஒரு சொல்லையும் மட்டும் கொண்டுபோய் நின்றால், எவ்வளவு நல்ல மனமுள்ள எழுதுவினைஞராலும் உங்களுக்கு உதவ முடியாது. இலக்கம் கையில் இருந்தால் ஒரு நாளில் முடியக்கூடிய தேடல், இலக்கம் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இழுபடும்.

காணிப் பதிவகம் அந்த இலக்கத்தைத் தரும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் காலத்தில் நடைமுறையில் இருந்தது 1951ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காணிப் பிரிவினைச் சட்டம். இன்று இருப்பது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். ஒரு காணியைப் பிரிக்க வழக்குத் தொடுத்தால், அந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்று இரண்டுமே சொல்கின்றன. சட்டத்தரணிகள் "லிஸ் பென்டன்ஸ்" என்று குறிப்பிடுவது இந்தப் பதிவைத்தான். ஆகவே உங்கள் வளவுக்குரிய பதிவுப் பக்கத்தில், யாரோ ஒருவருடைய ஈட்டுக்கும் யாரோ ஒருவருடைய நன்கொடை உறுதிக்கும் இடையில், ஒற்றை வரியாக நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு இலக்கமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் ஊரில் இதை இன்றும் "தோம்பு பார்ப்பது" என்கிறார்கள். ஒல்லாந்தர் வைத்திருந்த காணி இடாப்பின் பெயர் முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் வாயில் நிலைத்திருக்கிறது.

தோம்பின் பக்க இலக்கத்தைப் பிடிப்பதற்கு, அந்தக் காணி பற்றி எழுதப்பட்ட ஏதாவது ஓர் உறுதி வேண்டும். பதியப்பட்ட உறுதியில் எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் அது பதியப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். உங்கள் உறுதிகள் போய்விட்டன என்பதால் மனந்தளர வேண்டாம். உறுதி எழுதிய நொத்தாரிசு 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இரட்டைப் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். ஆகவே நொத்தாரிசின் பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் அம்மாவின் நினைவில் இருந்தால் அதுவே போதுமான தொடக்கம். அதுவும் இல்லையென்றால் அயலவர்களிடம் போங்கள். யாழ்ப்பாணத்து உறுதியில் காணியின் பெயரும், இத்தனை பரப்பு இத்தனை குழி என்ற அளவும், நான்கு எல்லைகளும் எழுதப்படுவது வழக்கம் அல்லவா? கிழக்கு வளவுக்காரரின் உறுதியில் மேற்கெல்லையாக உங்கள் பாட்டனாரின் பெயர் இருக்கும். அதே வழக்கில் பங்கு பெற்ற வேறொரு சகோதரர் தமது துண்டை விற்றிருந்தால் இன்னும் நல்லது: அந்த உறுதியில் உரிமை வந்த வழியைச் சொல்லும் இடத்தில், "யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தின் இன்ன இலக்க வழக்கின் இறுதித் தீர்ப்பாணைப்படி" என்று இலக்கத்தோடே எழுதியிருப்பார்கள். ஒரு பக்கம் நிரம்பியதும் பதிவு வேறொரு தொகுதிக்குக் கொண்டுசெல்லப்படும். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று இரு முனையிலும் குறித்திருப்பார்கள். ஒரு பக்கத்தோடு நிறுத்தாமல் அந்தக் குறிப்பின் வழியே பின்னும் முன்னும் போய்ப் பாருங்கள். அதேவேளை ஓர் எச்சரிக்கை: ஒரு குறிச்சியில் ஒரே பெயரில் நான்கு காணிகள் இருக்கலாம். பெயர் பொருந்தியவுடன் மகிழ்ந்துவிடாமல் எல்லைகளையும் பரப்பையும் ஒப்பிடுங்கள்.

இலக்கம் கிடைத்தபின் அதன் கடைசியில் உள்ள எழுத்தையும் தவறவிடாதீர்கள். காணிப் பிரிவினை வழக்குக்குப் "பி", காணி உரித்து வழக்குக்கு "எல்", பண வழக்குக்கு "எம்", மரண சாதன வழக்குக்கு (இறந்தவரின் சொத்தை நிருவகிப்பது பற்றியது) "ரி" என்று இலக்கத்தோடு ஓர் எழுத்துச் சேர்வது எங்கள் நீதிமன்றங்களின் வழக்கம். அந்த எழுத்து இல்லாமல் போனால் ஒரே எண்ணுள்ள வேறு வழக்கின் கட்டு உங்கள் முன் வந்து நிற்கும்.

இனி உரிமை பற்றிய கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கட்சிக்காரி அல்ல என்றாலும், கட்சிக்காரராக இருந்த ஒருவரின் வழியில் வந்த உரித்தாளர். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, பொது ஆவணம் ஒன்றைப் பார்வையிடும் உரிமையுள்ள எவருக்கும், உரிய கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு அத்தாட்சிப்படுத்திய பிரதி கொடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் ஒன்றைக் கோரும் எழுத்து விண்ணப்பம்) ஒன்றை அணைத்து, வழக்கேட்டைப் பதிவறையிலிருந்து எடுப்பித்துப் பார்வையிடவும் பிரதி பெறவும் அனுமதி கேட்பார். பாட்டனாருக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களையும் ஒரு சத்தியக் கடதாசியையும் அதனோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது.

முதலில் பார்வையிடுங்கள், பிரதியைப் பிறகு கேளுங்கள். பிரிவினை வழக்கின் ஏடு சில வேளை முந்நூறு பக்கத்துக்கு மேல் போகும்; கட்டணம் பக்கக் கணக்கில் ஏறும். நீங்கள் முதலில் படிக்க வேண்டியது வழக்கின் நாட்குறிப்பு. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 92ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு தவணையிலும் நடந்தவற்றை நீதிமன்றம் அதில் எழுதி வர வேண்டும். வழக்கு எந்த இடத்தில் நின்றது என்பதை உங்களுக்குச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிவினை வழக்கில் முதலில் வருவது, யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும் இடைக்காலத் தீர்ப்பாணை. அதன் பிறகு நில அளவையாளர் ஆணையோடு வந்து அளந்து, துண்டு துண்டாகப் பிரித்துப் படம் வரைந்து, நீதிமன்றம் அதை ஏற்ற பின்னரே இறுதித் தீர்ப்பாணை வரும். எத்தனையோ குடும்பங்கள் இடைக்காலத் தீர்ப்பாணையோடு வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணி, வேலி போட்டு, இரண்டு தலைமுறை வாழ்ந்துவிட்டன. உங்கள் வழக்கில் இறுதித் தீர்ப்பாணை இருக்கிறது என்றால் காணிப் பிரிவினைச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அது உலகத்தார் எல்லோரையும் கட்டும். பெரியப்பாவின் பிள்ளைகள் "பொதுக்காணி" என்று சொல்ல இடமில்லை. இல்லை என்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கக்கூடும் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரதி கேட்கும்போது நாட்குறிப்பு, தீர்ப்பு, இரு தீர்ப்பாணைகள், ஆணையாளரின் (காணியை அளந்த அந்த நில அளவையாளரின்) அறிக்கை, நிலப்படம் ஆகியவை போதும். நிலப்படத்தைச் சாதாரணப் போட்டோப் பிரதியாக எடுத்து அதில் அடிமட்டம் வைத்து வேலியை அளக்க முற்படாதீர்கள். பிரதி எடுக்கும் இயந்திரம் படத்தைச் சிறிது சுருக்கும் அல்லது நீட்டும். அரை அங்குலப் பிழை நிலத்தில் பல அடிகளாக விரியும். அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு பழைய படத்தை இன்றைய நிலத்தின்மேல் பொருத்திப் பார்ப்பதே வழி.

கேள்வி: வழக்கு இலக்கத்தைச் சரியாகக் கொடுத்தும் "ஏடு இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். யுத்தத்தில் அழிந்திருக்கலாம் என்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், கொடிகாமம்

பதில்: வாயால் சொன்னதைப் பதிலாக ஏற்க வேண்டாம். நகர்த்தல் பத்திரம் அணைத்து, தேடியும் கிடைக்கவில்லை என்பதைப் பதிவாளர் எழுத்தில் அறிக்கையிடச் செய்யுங்கள். அடுத்து எடுக்கும் ஒவ்வொரு அடிக்கும் அந்த ஒரு தாள் அடித்தளமாக இருக்கும். மேலும், "இல்லை" என்பதற்கும் "அழிந்தது" என்பதற்கும் இடையில் தூரம் அதிகம். நான் தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுகளாக இல்லை என்று சொல்லப்பட்ட ஏடு, அதனோடு சேர்த்து விசாரித்த இன்னொரு வழக்கின் கட்டுக்குள் முடிச்சுப் போட்டபடியே இருந்தது. ஒரே காணி பற்றி இரண்டு வழக்குகள் நடந்திருந்தால் மற்ற இலக்கத்தையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

மேன்முறையீடு நடந்ததா என்பதையும் விசாரியுங்கள். மேன்முறையீட்டுக்குப் போன ஏடு நீதிமன்றத்தை விட்டுப் புறப்பட்டிருக்கும். பழைய காலத்தில் அது கொழும்புக்குப் போனது. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் மாவட்ட நீதிமன்றங்களின் குடியியல் மேன்முறையீடுகளை மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றங்கள் கேட்கின்றன. மேன்முறையீட்டுக்காகத் தட்டச்சுச் செய்து கட்டிய பிரதிகள் இருதரப்புச் சட்டத்தரணிகளிடமும் கொடுக்கப்பட்டிருக்கும். முக்கியமான தீர்ப்பாக இருந்தால் "நியூ லோ றிப்போட்ஸ்" தொகுதிகளில் அச்சாகியிருக்கவும் கூடும். அத்தொகுதிகளில் ஒவ்வொரு தீர்ப்பின் தலைப்பிலும் கீழ் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு இலக்கமும் தரப்பட்டிருப்பதால், இலக்கமே தெரியாத சிலருக்கு நான் அங்கிருந்து இலக்கம் எடுத்துக் கொடுத்ததும் உண்டு.

உண்மையிலேயே அழிந்திருந்தால், ஏட்டை மீளக் கட்டியெழுப்புமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதற்கு வெளியிலிருக்கும் துண்டுகள் வேண்டும்: அந்நாளைய பிறக்கிராசியின் (வழக்கை நடத்திய சட்டத்தரணியின்) கோவை, நில அளவையாளர் தம்மிடம் வைத்திருந்த படமும் களக்குறிப்பும், எதிர்த்தரப்புக் குடும்பத்திடம் இருக்கும் பிரதி, தோம்பில் ஏறிய பதிவு. பிறக்கிராசி காலமாகியிருந்தாலும் அவருடைய கோவைகள் பிள்ளைகளிடமோ அவரிடம் பழகிய இளைய சட்டத்தரணியிடமோ இருக்கலாம். அந்த வீடுகளுக்கு ஆள் அனுப்பாமல் நீங்களே நேரில் போங்கள். எதிர்த்தரப்பிடம் கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம். அவர்களுக்கும் அதே தீர்ப்பாணைதான் உறுதி.

கேள்வி: காணிச் சண்டையில் அப்பா 1980களில் வழக்கு வென்றார். மாவட்ட நீதிமன்றத்தில் எந்த எழுத்துள்ள இலக்கத்திலும் அந்த வழக்கு இல்லை. எப்படி மறைந்தது?
— வாசகர், வட்டுக்கோட்டை

பதில்: மறைந்திருக்காது, தம்பி. அது மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தே இராது என்று எண்ணுகிறேன். பொலிஸ் அறிக்கையோடு தொடங்கிய வழக்கா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நடந்தது. ஏடு நீதவான் நீதிமன்றத்தின் பக்கம் இருக்கும். சமாதானம் குலையாமல் இருக்க, யார் ஆட்சியில் இருந்தார் என்பதை மட்டும் தீர்மானிக்கும் கட்டளை அது. காணி யாருடையது என்று அது சொல்வதில்லை. ஆகவே பிரதி கிடைத்தாலும் அதை உரித்துக்குச் சான்றாகக் காட்டி விற்கவோ ஈடு வைக்கவோ முற்படாதீர்கள்.

கேள்வி: மகளின் விவாகரத்து 2004இல் முடிந்தது. இப்போது அவர் நோர்வேயில் மறுமணம் செய்ய இருக்கிறார். நாங்கள் அனுப்பிய தீர்ப்பாணைப் பிரதியை அங்குள்ள அதிகாரிகள் போதாது என்கிறார்கள். மகளால் வர முடியாது.
— ஒரு தாய், மானிப்பாய்

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பியது முதல் தீர்ப்பாணையாக இருக்க வேண்டும். எங்கள் சட்டத்தில் விவாகரத்துக்கு முதலில் "நைசை" தீர்ப்பாணை எழுதப்பட்டு, குறைந்தது மூன்று மாதம் கழிந்த பின்னரே "அப்சலூட்" எனப்படும் முடிவான தீர்ப்பாணை எழுதப்படும். திருமணப் பிணைப்பை அறுப்பது இரண்டாவது தாள்தான். உங்களிடமுள்ள தாளின் தலைப்பைப் பாருங்கள். வழக்கு இலக்கம் அதிலேயே இருப்பதால், அந்த இலக்கத்தைக் கொடுத்து முடிவான தீர்ப்பாணையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்பது எளிது. வழக்கு எந்த நீதிமன்றத்தில் வைக்கப்பட்டதோ அந்த நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். இடம்பெயர்ந்திருந்தபோது வவுனியாவிலோ கொழும்பிலோ வைத்த வழக்கை யாழ்ப்பாணத்தில் தேடிப் பயனில்லை.

மகள் நோர்வேக்குப் பொறுப்பான இலங்கைத் தூதரகத்தில் அற்றோர்ணித் தத்துவம் (தமக்காகச் செயற்பட உங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி உங்களுக்கு அனுப்பட்டும். அதற்கு முன், அன்று வழக்குப் பேசிய சட்டத்தரணி இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்று பாருங்கள். அவருடைய பெயர் ஏட்டில் இருப்பதால் அவரே நகர்த்தல் பத்திரம் அணைத்து எடுத்துத் தரலாம், தத்துவமே தேவைப்படாமல் போகலாம். பிரதியைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் பெற்று, மூலத்தோடு சேர்த்துக் கொழும்பில் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி பெற்று அனுப்புங்கள். இரண்டு பிரதிகளாக எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் இருந்த தம்பி சென்ற ஆண்டு காலமானார். அவர் அங்கே ஒருவர்மேல் பண வழக்கு வைத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். "கவுன்ரி நீதிமன்றம்" என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இங்கிருந்தே அந்த ஏட்டைப் பார்க்க முடியுமா?
— வாசகர், நல்லூர்

பதில்: உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன். பெரும்பாலும் முடியும், ஆனால் எந்த மாநிலம், எந்தக் கவுன்ரி என்பது முதலில் தெரிய வேண்டும். கவுன்ரி என்பது மாநிலத்துக்குள் உள்ள ஆட்சிப் பிரிவு, ஏறத்தாழ எங்கள் மாவட்டம் போல. அமெரிக்காவில் சாதாரணக் குடியியல் வழக்குகளின் ஏடுகளை அந்தந்தக் கவுன்ரியின் நீதிமன்றக் கிளார்க் அலுவலகமே வைத்திருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே இடாப்பு இல்லை. கலிபோர்னியாவில் 58 கவுன்ரிகளிலும் ஒவ்வொரு சுப்பீரியர் நீதிமன்றம் இருக்கிறது. நியூயோர்க் மாநிலத்தில் "சுப்றீம் கோட்" என்று பெயர் பெற்றிருப்பது உச்ச நீதிமன்றம் அல்ல, வழக்கை முதலில் விசாரிக்கும் நீதிமன்றம். பெயரைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். ரெக்சாஸில் 254 கவுன்ரிகள். அங்கே டிஸ்ற்றிக்ற் கிளார்க் என்றும் கவுன்ரி கிளார்க் என்றும் இரு பதவிகள் உண்டு. வழக்கு எந்த நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்து ஏடு இருவரில் ஒருவரிடம் இருக்கும்.

"பேசர்" என்ற இணையச் சேவையைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அது மத்திய அரசின் நீதிமன்றங்களுக்கு மட்டும் உரியது. கவுன்ரி வழக்கு அதில் வராது. பல கவுன்ரிகள் தமது சொந்த இணையத்தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேட இடமளிக்கின்றன. இங்கேதான் எங்கள் ஆட்கள் தடுமாறுகிறார்கள். அங்கே இடாப்பு குடும்பப் பெயரால் ஒழுங்கு செய்யப்படுகிறது. எங்களுக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயரே பலருக்குக் குடும்பப் பெயராகிவிடுகிறது. சிலருக்குத் தமது பெயரும் அப்பாவின் பெயரும் முன்பின்னாக மாறியிருக்கிறது. தம்பியின் கடவுச்சீட்டிலும் அங்குள்ள சாரதி அனுமதிப் பத்திரத்திலும் எழுத்துக் கூட்டியிருக்கும் விதத்தைப் பார்த்து, இரு பெயர்களையும் மாற்றி மாற்றி, எழுத்துக்களையும் மாற்றித் தேடுங்கள். வழக்காளியாகக் கிடைக்காவிட்டால் எதிராளியின் பெயரில் தேடுங்கள்.

இலக்கம் கிடைத்ததும் வழக்கின் நடப்புப் பட்டியலை முதலில் பாருங்கள். எங்கள் நாட்குறிப்புக்கு நிகரான அதை "டொக்கற்" என்கிறார்கள். வேண்டிய தாள்களைக் குறித்து, கிளார்க் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கட்டணம் செலுத்தினால் தபாலில் அனுப்புவார்கள். வாசித்து அறிவதற்குச் சாதாரணப் பிரதி போதும். வேறு எங்காவது முன்வைப்பதற்கு முத்திரையிட்ட "சேட்டிபைட்" பிரதி வேண்டும். பிரதி பெறுவது ஒன்று, வழக்கைத் தொடர்வது வேறொன்று. தம்பிக்கு வர வேண்டிய பணம் இருப்பதாக ஏட்டில் தெரிந்தால், அங்கே அவர் விட்டுச்சென்ற சொத்தை நிருவகிக்க ஒருவர் நியமிக்கப்பட்டு, அவர் வழக்கில் தம்பியின் இடத்துக்கு வர வேண்டும். அதற்குரிய காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், ஏட்டைப் பார்த்த அதே வாரத்தில் அந்த மாநிலத்துச் சட்டத்தரணி ஒருவரோடு பேசிவிடுங்கள்.